ஃபுட்பால் ஆடுறவங்க ரெண்டு காலையும் செக் பண்ணுங்க

எப்பவும் ஒரே கால்ல பந்தை உதைக்கிறோம், இன்னொரு கால் ஊனி நின்னு மொத்த வெயிட்டையும் தாங்குது, அதனால ரெண்டுக்கும் வேலையே வேற. உதைக்கிற கால்தான் ஸ்ட்ராங்னு நினைச்சுக்காதீங்க, நிறைய பேருக்கு அப்படி இல்ல.

நல்லா வார்ம் அப் பண்ணிட்டு ஒத்தக்கால்ல முன்னாடி தாவி அதே கால்ல தள்ளாடாம நில்லுங்க, மூணு தடவை தாவி பெஸ்ட் தூரத்தை டேப் வச்சு அளந்துக்கோங்க, அப்புறம் அடுத்த கால். ஒண்ணு 150 செ.மீ, இன்னொண்ணு 130 தான்னா 87%, பொதுவா 90%க்கு கீழ போனா கவனிக்கணும். தரையில இறங்கும்போது முட்டி உள்பக்கமா மடங்குதான்னும் பாருங்க, எனக்கு தூரத்தை விட இதுதான் முக்கியம்.

முன்தொடைக்கு மட்டும் ஸ்குவாட் போட்டுட்டு பின்தொடையை விட்டுடுறாங்க, ஸ்பிரின்ட்ல இழுத்துப் பிடிக்கிறதே அந்த ஹாம்ஸ்ட்ரிங்தான், முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல் லிகமென்ட்டுக்கும் அதான் சப்போர்ட். நார்டிக் கர்ல் கண்டிப்பா சேருங்க, முட்டி போட்டு, கணுக்காலை ஒருத்தர் பிடிச்சுக்க, உடம்பை நேரா வச்சு மெதுவா முன்னாடி சாயணும். ஆரம்பத்துல 5 தடவை போதும், மறுநாள் வலிக்கும். ஒத்தக்கால் எக்சர்சைஸ்ல வீக்கான காலை முதல்ல செய்ங்க. முட்டி வீங்கியிருந்தா இந்த டெஸ்டே வேண்டாம், பிசியோவை பாருங்க.