‘சம்சயம் உண்டோ?’ ஆன்லைன் வகுப்பில் டீச்சரிடம் கேள்வி கேட்பது எப்படி

மூணாறு தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) உட்கார்ந்து கேரளக் கல்லூரியின் ஆன்லைன் வகுப்பைக் கேட்டவர்களுக்கு இது பழகிய காட்சி. டீச்சர் ஒரு பகுதியை முடித்துவிட்டு மலையாளத்தில் “சம்சயம் உண்டோ?” என்பார், சந்தேகம் இருக்கிறதா என்று. மூன்று விநாடி யாரும் வாய் திறக்க மாட்டோம். “எந்நா ஷெரி” (அப்போ சரி) என்று அடுத்த ஸ்லைடு வந்துவிடும். நேர் வகுப்பில் நாம் முழிக்கிற முழியைப் பார்த்தே நிறுத்தியிருப்பார். கேமரா அணைந்த கட்டங்களில் எந்த முழியும் தெரியாது. பேசாமல் இருந்தால் புரிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அந்த மூன்று விநாடி வருவதற்குள் கேள்வி கையில் இருக்க வேண்டும். முதலாண்டு சேரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

1. பெயரும் மைக்கும்

அப்பா போனில் நுழைந்தால் திரையில் அப்பா பெயர்தான் வரும். கூகுள் மீட்டில் கணக்கில் உள்ள பெயரே தெரியும் என்பதால் கல்லூரி தந்த ஐடியில் நுழையுங்கள். மைக்கை அணைத்தே வையுங்கள். கம்ப்யூட்டரில் ஜூம் என்றால் ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் மைக் திறக்கும். மீட்டில் கண்ட்ரோலும் டி-யும் சேர்த்து ஒருமுறை தட்டினால் மைக் திறக்கும், மறுபடி தட்டினால் மூடும். நான் ஒருமுறை மைக்கை மூட மறந்து, “டேய், மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?” என்று அம்மா கேட்டது வகுப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அந்த செமஸ்டர் முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

2. கேள்வியை நோட்டில் எழுதுங்கள்

“டீச்சர், புரியல” என்பது கேள்வி இல்லை. எங்கே அறுந்தது என்று டீச்சருக்குத் தெரியாது. மொத்தத்தையும் திரும்பச் சொல்ல நேரமும் இருக்காது. கடைசியாகப் புரிந்த இடத்தையும் முதலில் இடித்த இடத்தையும் சேர்த்து இரண்டு வரி எழுதுங்கள்.

பொருளாதார வகுப்பில் தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்ற கணக்கு) நடக்கிறது என்று வையுங்கள். “விலை 10 ரூபாயிலிருந்து 12 ஆனால் 20 சதவீதம் ஏற்றம் என்றீர்கள். அதே 12 மறுபடி 10 ஆனால் எனக்கு 16.7 சதவீதம்தான் இறக்கம் வருகிறது. எதை அடியாக வைத்து வகுக்க வேண்டும்?” இப்படிக் கேட்டால் பதில் அரை நிமிடத்தில் வந்துவிடும்: இரண்டுக்கும் நடுவில் உள்ள 11-ஐ வைத்து வகு, ஏறினாலும் இறங்கினாலும் 18.2 சதவீதம். அதோடு நீங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்பதும் டீச்சருக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

3. எந்த மொழியில் கேட்பது?

நம் ஊர்ப் பிள்ளைகள் வாயடைத்துப்போவது இங்கேதான். மூணாறில் வேலை பார்த்த டீச்சர் என்றால் தமிழ் புரியும்; வேறு மாவட்டத்துக்காரர் என்றால் சொல்ல முடியாது. வாயால் கேட்கும்போது தமிழை மெதுவாகப் பேசலாம், தப்பில்லை. சாட்டில் தமிழ் எழுத்து வேண்டாம், பல டீச்சர்களுக்குப் படிக்க வராது. இலக்கணப் பிழை இருந்தாலும் எளிய ஆங்கிலம் போதும்.

பாடச் சொற்களில்தான் கவனம் வேண்டும். மலையாளப் பொருளாதாரப் பாடத்தில் ‘சோதனம்’ என்றால் டிமாண்ட், ‘பிரதானம்’ என்றால் சப்ளை. நம் காதில் பிரதானம் ‘முக்கியம்’ என்றுதான் விழும். பக்கம் பக்கமாகத் தப்பாக நோட்ஸ் எடுத்தவன் சொல்கிறேன், பாடச் சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி அழைப்பது என்ற தயக்கமும் உண்டு. கேரளக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஜனவரியில், பள்ளிகளில் ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் ‘டீச்சர்’ என்றே அழைக்கச் சொன்னது. கல்லூரியில் ‘சார்’ இன்னும் நடமாடுகிறது. பெண் என்றால் ‘டீச்சர்’, ‘மிஸ்’ இரண்டும் ஓடும்.

4. எப்போது கேட்பது?

ஸ்லைடை முழுத்திரையில் ஓட்டும் டீச்சருக்கு சாட் பெரும்பாலும் கண்ணில் படாது. முதலில் கை உயர்த்தும் பட்டனை அழுத்துங்கள், ஸ்லைடு மாறும் இடைவெளியில் பேசுங்கள், பேசி முடித்ததும் கையை இறக்குங்கள். இறக்க மறப்பவர்கள்தான் அதிகம்.

5. நெட் போனால்

மழைக்காலத்தில் மின்சாரமும் டவரும் சேர்ந்தே போகும். சிக்னல் மெலிந்தால் முதலில் உங்கள் வீடியோவை நிறுத்துங்கள். குரல் மட்டும் என்றால் டேட்டா மிகக் குறைவு. இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் பழைய சாட் காணாமல் போயிருக்கலாம். நோட்டில் எழுதிய கேள்வி அப்போது கைகொடுக்கும், மறுபடி அனுப்பிவிடலாம்.

6. வகுப்பு முடிந்தபின்

மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் படிப்புகள்) பாடம் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் பதிவு செய்த வீடியோதான். கேள்விப் பகுதியில் எழுதிக் காத்திருக்க வேண்டும். அதில் அசைன்மெண்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். சந்தேகத்தை அசைன்மெண்ட் கடைசித் தேதி ராத்திரிவரை வைத்திருந்தால் பதில் வருவதற்குள் தேதி போய்விடும்.

கல்லூரி டீச்சருக்கு மெயில் என்றால் தலைப்பில் பாடம், பெயர், ரெஜிஸ்டர் நம்பர். உள்ளே அதே இரண்டு வரிக் கேள்வியும், நீங்கள் போட்ட கணக்கின் போட்டோவும். இரண்டு நாள் பார்த்துவிட்டு அதே மெயிலின் கீழேயே ஒரு வரி நினைவூட்டுங்கள். புது மெயில் போட்டால் பழையதைத் தேட வேண்டியவர் டீச்சர்தான். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘ஹாய் மிஸ்’ மட்டும் வேண்டவே வேண்டாம்.