தியோமானில் தனியாக இறங்குகிறவர்கள் முதல் நாளில் செய்யும் தவறுகள்

முதுகுப்பையோடு தனியாக ஒரு கடற்கரைத் தீவுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படும் நம் இளையர்கள் பலரும் முதலில் தேர்ந்தெடுப்பது தியோமானைத்தான். மலேசியாவின் பாகாங் மாநிலத்தைச் சேர்ந்த தீவு. சிங்கப்பூரிலிருந்து பேருந்தும் படகுமாகவே போய்விடலாம், விமானச் செலவு இல்லை. எங்கே தங்குவது, எந்தப் பவளப்பாறையைப் பார்ப்பது என்று வாரக்கணக்கில் தேடிப் படிக்கிறார்கள். போய்ச் சேரும் நாளைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நண்பர்களோடு போனால் ஒருவர் பையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் விசாரித்துவிட்டு வரலாம். தனியாளுக்கு அது முடியாது. ஒரு பயணம் கெடுகிறதென்றால் பெரும்பாலும் இந்த முதல் நாளில்தான் கெடுகிறது.

படகு நேரத்தை நம்மூர்ப் பேருந்து நேரம்போல எண்ணிவிடுகிறார்கள். தியோமானுக்குப் படகு ஏறும் ஊர் ஜொகூரின் மெர்சிங். அதன் படகுத்துறை ஆற்றுக்குள் இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் ஆற்றின் முகத்துவாரத்தில் ஆழம் போதாது, பெரிய படகு வெளியே போக முடியாது. அதனால் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் நேரம் குறிக்கிறார்கள். இந்த வாரம் காலையில் கிளம்பும் படகு அடுத்த வாரம் மதியத்துக்கு மாறலாம். போகும் தேதிக்கு உரிய நேரத்தைப் படகு நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு, அதற்கேற்பப் பேருந்தைப் பிடியுங்கள். ஜொகூர் பாரு லார்கின் நிலையத்திலிருந்து மெர்சிங் சுமார் மூன்று மணி நேரம். அதற்கு முன்னால் சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் இருக்கிறதே! வெள்ளிக்கிழமை மாலையிலும் நீண்ட வார இறுதியிலும் அங்கே எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலைப் படகு என்றால் முந்தைய நாள் இரவே மெர்சிங் போய்த் தங்கிவிடுவதுதான் என் கட்சி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், அப்போது போகவே வேண்டாம். கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும், தங்குமிடங்கள் பலவும் மூடியிருக்கும்.

எல்லைச் சோதனைச்சாவடியில் பேருந்திலிருந்து இறங்கும்போது பையையும் தூக்கிக்கொண்டே இறங்குங்கள், அதே பேருந்து உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நம்பாதீர்கள். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையிலிருந்து சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. வேலை அனுமதியிலோ நிரந்தரவாசியாகவோ இங்கே இருக்கும் இந்தியக் கடப்பிதழ்க்காரர்களுக்கு இல்லை. போவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். குடிமக்களான நண்பர்கள் “ஒன்றும் வேண்டாம்” என்று சொன்னதை அப்படியே நம்பிக் கிளம்பி, வரிசையில் நின்றபடி கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் அலையவைப்பது தவறான துறையில் இறங்குவது. தியோமானைச் சுற்றிவரச் சாலை கிடையாது. மேற்குக் கரையில் கெந்திங், பாயா, தெக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று தெற்கிலிருந்து வடக்காகக் கிராமங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை. படகு நிற்கும், பணியாளர் ஊர்ப்பெயரை ஒருமுறை கத்துவார், எஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழாது. எல்லாரும் எழுந்து பைக்குவியலை நோக்கிப் போகும்போது நாமும் இறங்கிவிடத் தோன்றும். அடுத்த நிமிடம் படகு போய்விடும். பயணிகள் ‘ஏபிசி’ என்று சொல்வது ஆயர் பாத்தாங்கைத்தான். இது தெரியாமல் உட்கார்ந்தே சாலாங் வரை போகிறவர்களும் உண்டு. பிறகு படகு டாக்சிதான் வழி. நான்கு பேர் பங்கு போட்டால் பெரிதாகத் தெரியாத கட்டணம், தனியாள் தலையில் மொத்தமாக விழும். ஏறும்போதே தங்குமிடத்தின் பெயரையும் துறையின் பெயரையும் பணியாளரிடம் காட்டிவிடுங்கள். கிழக்குக் கரையின் ஜுவாரா வேண்டுமென்றால் தெக்கேக்கில் இறங்கி, மலையைத் தாண்டிப் போகும் ஜீப்பை முன்கூட்டியே தங்குமிடத்தார் வழியாகச் சொல்லிவைக்க வேண்டும். காட்டுப்பாதையில் நடந்தும் போகலாம்தான். ஆனால் வந்திறங்கிய மாலையில், பையோடு, தனியாக வேண்டாம். மரங்கள் அடர்ந்த இடத்தில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும்.

ரிங்கிட்டை ரொக்கமாகக் கொண்டுபோங்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பினால் தெக்கேக்குக்குத்தான் போக வேண்டும்.

பையைப் போட்டதும் நீருக்குள் பார்க்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிடத் துடிக்கும் மனசு. புரிகிறது, அந்தத் தண்ணீர் அப்படித்தான் இழுக்கும். இறங்குமுன் தங்குமிடத்தாரிடம் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்களைக் காணோம் என்று தேட வேறு யாரும் அங்கே இல்லை. குப்புற மிதந்துகொண்டே மீன் பார்த்தால் முதுகு வெந்துபோகும், கைநீளச் சட்டையோடு இறங்குங்கள். நம் மீனவர்கள் கிளாத்தி என்று சொல்லும் இனத்தில் டைட்டன் ட்ரிகர் என்று ஒரு பெரிய மீன் பவளப்பாறைப் பக்கம் இருக்கும். மணலில் முட்டையைக் காக்கும்போது அது பாய்ந்து கடிக்க வரும். மேலே எழும்பித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அது தன் எல்லையாகக் காக்கும் இடம் மேலே போகப் போக விரியும். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சாயுர்’ (காய்கறி) என்று மட்டும் கேட்டால் போதாது. காய்கறிப் பிரட்டலிலும் பெலாச்சான் என்னும் இறால் விழுதோ நெத்திலியோ இருக்கும். ஈக்கான் (மீன்), ஊடாங் (இறால்), பெலாச்சான் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

திரும்பும் படகின் நேரத்தை இறங்கிய அன்றே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், அதுவும் தண்ணீரைப் பொறுத்தே மாறும். தியோமான் தீர்வையில்லாத் தீவு என்பதால் மலிவாகக் கிடைக்கிறதே என்று மதுப்புட்டிகளைப் பையில் அடுக்க வேண்டாம். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருகிறவர்களுக்கு மதுவுக்குத் தீர்வை விலக்கு கிடையாது. சிகரெட்டுக்கோ, எங்கிருந்து வந்தாலும் விலக்கு இல்லை. வாங்கியிருந்தால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கேட்பதற்கு முன் நீங்களே அறிவித்துத் தீர்வையைக் கட்டிவிடுங்கள்.