மதுரையிலிருந்து வெளிநாட்டுப் பயணம்: கிளம்பும் முன்பும் வழியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து பறக்கும் டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால், நீங்கள் மதுரையை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி காலையில். இதைச் சொன்னால் "இதுகூடவா தெரியாது" என்று சிரிப்பார்கள். ஆனால் 15ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை மணிக்கு, பெட்டியும் பூமாலையுமாகச் சென்னை விமான நிலைய வாசலில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். விமானம் போய் முழுசாக இருபது மணி நேரம் தாண்டியிருந்தது. நமக்கு விடிந்தால்தான் அடுத்த நாள். விமான நிறுவனத்துக்கு ராத்திரி 12 அடித்தாலே தேதி மாறிவிடும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டியே கிளம்புகின்றன. அதனால் டிக்கெட் கைக்கு வந்த அன்றே, நாள்காட்டியில் 14ஆம் தேதித் தாளில் "இன்று ராத்திரி ஃபிளைட்" என்று எழுதிவிடுங்கள்.

அடுத்த தவறு நேரத்தை முன்னோக்கி எண்ணுவது. "மத்தியானம் சாப்பிட்டுட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினா பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்துரலாம்" என்பதுதான் எல்லா வீட்டிலும் கணக்கு. எண்ண வேண்டியது பின்னோக்கி. அந்த 00:40 விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பாக, 11:40க்கே கவுண்டரை மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வதால் 9:40க்கு நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். மதுரைக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய 460 கிலோமீட்டர். ஒழுங்காக ஓட்டினால் சக்கரம் உருளும் நேரம் மட்டுமே எட்டு மணி. டீ, சாப்பாடு, கழிப்பறைக்கு ஒன்றரை மணி. செங்கல்பட்டுக்கு அப்புறம் வரும் நெரிசலுக்கும், வழியில் ஒரு பஞ்சர் ஆனால் அதற்கும் சேர்த்து இரண்டு மணி. மொத்தம் பதினொன்றரை. அப்படியென்றால் காலை பத்து மணிக்கு வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும்.

இங்கேதான் வீட்டுப் பெரியவர்கள் குறுக்கே வருவார்கள். அன்று வெள்ளிக்கிழமையாக இருந்துவிட்டால் பத்தரைக்கு ராகு காலம். பத்து மணி பத்தரை ஆகி, "சரி, பன்னிரண்டு வரைக்கும் பொறு" என்று உட்கார வைத்துவிட்டால் ஒன்றரை மணி நேரம் காலி. இதற்குப் பெரியவர்களிடமே வழி இருக்கிறது: பரஸ்தானம். நல்ல நேரத்தில் பயணப் பெட்டியில் ஒன்றைக் கொண்டுபோய் அடுத்த வீட்டிலோ அத்தை வீட்டிலோ வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. ஆள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். செவ்வாய், புதனில் வடக்கே சூலம் என்றால் நாள்காட்டியிலேயே பரிகாரம் பால் என்று போட்டிருக்கும். ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறுங்கள். அப்பத்தாவிடம் வாதம் செய்வதைவிட இது சீக்கிரம் முடியும்.

சென்னைக்கே போக வேண்டுமா என்பதை யோசிக்காததும் ஒரு தவறுதான். மதுரையிலிருந்தே கொழும்புக்கும் துபாய்க்கும் நேரடி விமானங்கள் பறக்கின்றன. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நகரங்களுக்கு உண்டு. அங்கே புது முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். டிக்கெட் இரண்டு மூவாயிரம் கூடுதலாக இருந்தாலும், சென்னைக்கு வேன் வாடகை, டீசல், டோல், சாப்பாடு எல்லாம் கூட்டிப் பார்த்தால் திருச்சிதான் மலிவாக வரும். ஒரு எச்சரிக்கை: மதுரை - சென்னை உள்நாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டாகவும் வெளிநாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டாகவும் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவற விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு கிடையாது.

இனிஷியலும் பாஸ்போர்ட்டும்

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு முருகேசன் என்று ஒற்றைச் சொல்லோடு வாழ்கிறவர்கள் மதுரைப் பக்கம் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைச் சொல் பெயருள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு விளக்கம் வந்தது. இதை டிக்கெட் போடும் முன்பே பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயரைத் திருத்துவது ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஏஜென்ட் அவர் பாட்டுக்கு இனிஷியலை முன்னால் ஒட்டிவிடுவார். வாங்கிய அன்றே சரிபார்த்தால் ஒரு போனில் தீரும். கவுண்டரில் போய்ப் பார்த்தால் தீராது.

பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நாலு மாசம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பல நாடுகள், போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும். பத்தாவது முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்க வேண்டும். "சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அம்மா கட்டிக் கொடுப்பவை

பெட்டியைத் திறந்து பார்க்காமல் எடுத்துக்கொண்டு போவதுதான் எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது. காரணம் கசகசா. நம் வீட்டுக் கறி மசாலாவில், குருமாப் பொடியில் அது சாதாரணமாகச் சேரும். அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. "எங்க அம்மா அரைச்சது" என்று சொல்லித் தப்ப முடியாது. வளைகுடாவுக்குப் பொடி அரைக்கிறவர்களிடம் கசகசா போடாமல் அரைக்கச் சொல்லுங்கள். யாராவது தெரிந்தவருக்கு என்று கொடுத்து விடும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிரித்தால் கோபித்துக்கொள்வார்களே என்றால், கோபித்துக்கொள்ளட்டும். மாத்திரைகளும் அப்படித்தான். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் கோடீன் சேர்ந்த இருமல் மருந்துகளும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவர் எழுதிய சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் எடுத்துப் போக வேண்டாம்.

அப்புறம் மல்லிகை. வழியனுப்பும்போது தலை நிறைய வைத்து, கொஞ்சம் பையிலும் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் இறங்கும் முன் அதை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் படிவத்தில் எழுதி ஒப்படைக்க வேண்டும். 2025இல் மலையாள நடிகை ஒருவர் ஒரு முழம்கூட வராத மல்லிகைச் சரத்தைப் பையில் வைத்துக்கொண்டு மெல்போர்னில் இறங்கி, 1,980 ஆஸ்திரேலிய டாலர் அபராதத்துக்கு ஆளான செய்தி வந்ததே, நினைவிருக்கும். நம் காசுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். கறிவேப்பிலை, விதை, பழம் எல்லாவற்றுக்கும் அதே கதைதான்.

கொப்பரைத் தேங்காய் வேண்டாம். எண்ணெய்ச் சத்து அதிகம், சூட்டில் தானே பற்றிக்கொள்ளும் என்பதால் 2022இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. ஊறுகாயும் நெய்யும் நேர் எதிர், பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். பெட்டியின் எடையைக் குளியலறைத் தராசில் பார்த்து நம்பாதீர்கள். தெருவில் பழைய பேப்பர்க்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசுகூடத் துல்லியம். நூறு ரூபாய் கொடுத்தால் சந்தோஷமாக நிறுத்துக் கொடுப்பார். ஒரு காலிப் பையையும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். கவுண்டரில் எடை கூடினால் எடுத்துப் போட்டு வேனோடு திருப்பி அனுப்ப அது உதவும்.

வண்டியும் டிரைவரும்

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று யாருமே பார்ப்பதில்லை, பஞ்சரான பிறகுதான் பார்க்கிறோம். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேலான டயரோடு சித்திரை வெயிலில் துவரங்குறிச்சிப் பக்கம் நூறில் பறப்பது நல்லதில்லை. காற்றைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள், ஏறப்போகும் ஆள் கணக்குக்கு ஏற்ப.

சிட்டம்பட்டியில் தொடங்கி பூதக்குடி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வழியில் எட்டு சுங்கச்சாவடிகள். ஃபாஸ்டேகில் பணம் இல்லாமல் போனால் சாவடியில் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். முந்தின நாளே நிரப்பிவிடுங்கள்.

ஆக்டிங் டிரைவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "நேத்து ராத்திரி எங்கண்ணே ஓட்டுனீங்க?" கொடைக்கானல் போய் விடியற்காலை திரும்பியவரை உங்கள் வண்டியில் உட்கார வைத்தால், வாடகையில் மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய்க்கு உளுந்தூர்பேட்டைவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

எங்கே நிறுத்துவது

ஒவ்வோர் ஊரிலும் பிரபலமான கடை ஒன்று இருக்கிறது. அதுதான் பிரச்சினை. திருச்சிக்குள் நுழைந்து ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டு வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். பைபாஸிலேயே காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டிவிடுங்கள். சமயபுரத்தில் "வாசல்ல நின்னு ஒரு கும்பிடு" என்று தொடங்கும், செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் அது வாசலோடு முடியாது. சாமி கும்பிடுவதை முந்தின நாள் மாலையே மீனாட்சியம்மனிடமோ பாண்டி கோவிலிலோ முடித்துவிடுங்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவதையும் அப்போதே செய்துவிடலாம்.

காலை பத்துக்குக் கிளம்பினால் விராலிமலையில் ஒரு டீ, பெரம்பலூர் தாண்டிச் சாப்பாடு, திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு காபி. போதும். கட்டுச்சோறு கொண்டுபோனால் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும். தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள் ஊசிவிடும். பயணம் போகிறவருக்கு மட்டும் பிரியாணி, கறி தோசை எல்லாம் அன்று வேண்டாம். வழியனுப்ப வந்தவர்கள் சாப்பிடட்டும். டாய்லெட்டுக்குப் பெட்ரோல் பங்க் பெரிதாக இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பஸ்கள் வரிசையாக நிற்கும் மோட்டல்களில் விலையும் அதிகம், சுத்தமும் குறைவு.

இரண்டு வண்டியில் போனால் ஒரு விதி: பாஸ்போர்ட் போகிறவர் உடம்போடு இருக்க வேண்டும். என் மைத்துனன் குவைத் கிளம்பியபோது ஃபைல் என் அக்காவின் கைப்பையில் இருந்தது, அக்கா பின்னால் வந்த வேனில் இருந்தாள், அந்த வேன் எங்களிடம் சொல்லாமல் மேல்மருவத்தூரில் நின்றுவிட்டது. பரனூரில் முக்கால் மணி நேரம் ஓரமாகக் காத்திருந்தோம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பிரசாதம் கொடுத்தாள்.

கடைசி நாற்பது கிலோமீட்டர்

பரனூரைத் தாண்டியதும் "வந்தாச்சு" என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சிங்கப்பெருமாள்கோவில், கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம் என்று ஒவ்வொன்றும் ஒரு சிக்னல், ஒரு ஊர்ந்து செல்லல். தென்மாவட்டப் பஸ்கள் கிளாம்பாக்கத்துக்கு மாறிய பிறகு அந்தப் பக்கமும் கூட்டம்தான். ஞாயிறு இரவும், பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளும் விமானம் இருந்தால் இரண்டு மணி நேரக் கூடுதலை மூன்றாக்குங்கள்.

அப்படியும் சிக்கிக்கொண்டால், வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பதில் பயனில்லை. கூடுவாஞ்சேரியிலோ தாம்பரத்திலோ இறங்கிப் பயணி மட்டும் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலைப் பிடிக்கலாம். திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு நேர் எதிரே. ஒரு பெட்டியைத் தூக்க ஒருவர் கூடப் போனால் போதும், மற்றவர்கள் மெதுவாக வரட்டும்.

டிக்கெட் இல்லாதவர்களை முனையத்துக்குள் விடமாட்டார்கள், அதனால் அழுகையெல்லாம் வாசலிலேயே. ஆனால் உடனே வண்டியைத் திருப்பாதீர்கள். பெட்டி போய், குடியேற்றச் சோதனையும் முடிந்துவிட்டது என்று உள்ளேயிருந்து போன் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். அதற்கே ராத்திரி பதினொன்றரை ஆகிவிடும். காலை பத்து மணியிலிருந்து ஓட்டிய டிரைவர், அந்த நேரத்தில் "நான் ஓட்டிருவேன் அண்ணே" என்றுதான் சொல்வார். தாம்பரம் பக்கம் ஏதாவது ஒரு லாட்ஜில் அவருக்கு ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, விடிந்து கிளம்புங்கள்.