பேத்தி கையில் டிஸ்டோபியா கதை

12 வயதுப் பேத்தி கோடை விடுமுறைக்குக் காரைக்குடி வந்தபோது பையில் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ இருந்தது. 2008-இல் வந்த டிஸ்டோபியா நாவல், அதாவது கொடுங்கோல் ஆட்சியில் சீரழிந்த ஒரு வருங்கால உலகத்தின் கதை. 12 முதல் 18 வயதுவரையுள்ள 24 பிள்ளைகளை, ஒருவர் மிஞ்சும்வரை அடித்துக்கொண்டு சாகும்படி அரசாங்கமே களத்தில் இறக்கிவிடுகிறது. பிடுங்கி வைக்கத்தான் எனக்குக் கை நீண்டது.

பிடுங்காதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள், பின்னட்டை போதாது. அப்புறம் வயதை விடப் பிள்ளையைப் பாருங்கள்: படித்த அன்று ராத்திரி வளவு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குத் தனியாகப் போகிறாளா, சாப்பாடு இறங்குகிறதா? இவள் போனாள். இவள் தம்பியோ கதையைக் காதில் கேட்டதற்கே விளக்கை அணைக்க விடவில்லை. சரி, அவனுக்கு இன்னும் நாலு வருஷம் போகட்டும்.

படிப்பது பகலில், முகப்பில். படித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, “ஊர் ஏன் சும்மா இருந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள். பாடம் எடுத்தால் ஓடிவிடுவார்கள். இவள் திருப்பிக் கேட்டாள்: “ஆயா, நீங்களா இருந்தா என்ன செய்வீக?” எனக்குப் பதில் வரவில்லை.

கதையில் வரும் ஒரு சின்னப் பெண் சாகும் இடத்தில் பேத்தி அழுதாள். விட்டுவிட்டேன். அழுது முடித்து நாலு வெள்ளைப் பணியாரம் தின்றாள்.