ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்யாவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

காரில் ஏறாமல் வெளியிலிருந்தே இன்ஜினை இயக்கும் வசதிதான் ரிமோட் ஸ்டார்ட். ரிமோட் பொத்தானை அழுத்தியும் இன்ஜின் இயங்கவில்லை என்றால், பழுதைத் தேடுவதற்கு முன் கார் வேண்டுமென்றே மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளில்லாத காரில் இன்ஜினை இயக்குவது ஆபத்தானது என்பதால், பாதுகாப்பு நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் காரிலுள்ள கணினி அனுமதி தராது. உதாரணமாக, ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் சாவி உள்ளே இருந்தாலும், பானட் திறந்திருந்தாலும், ஹசார்ட் விளக்குகள் எரிந்தாலும், செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் நடக்காது. இரண்டு முறை ரிமோட்டில் இயக்கிவிட்டால், சாவியோடு காரில் ஏறி இக்னிஷனை ஒருமுறை போட்டு அணைக்கும் வரை மூன்றாவது முறைக்கு இடமில்லை. இதைப் பழுது என்று நினைத்துப் பணிமனைக்குப் போகிறவர்கள் உண்டு.

அடுத்து, கார் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். கதவைப் பூட்டும் பொத்தானும் வேலை செய்யவில்லை என்றால் ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வில்லையாக இருக்கும். கதவு பூட்டிக்கொண்டு இன்ஜின் மட்டும் அசையவில்லை என்றால், மேற்சொன்ன நிபந்தனைகளில் ஒன்றே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அவற்றில் நான் முதலில் சந்தேகப்படுவது பானட் சுவிட்சைத்தான். பானட் பூட்டின் அருகே, தண்ணீரும் புழுதியும், குளிர்நாடுகளில் பனியுருக்கச் சாலையில் தூவும் உப்பும் படும் இடத்தில் அது இருப்பதால், துருப்பிடித்து, மூடிய பானட்டையும் திறந்திருப்பதாகவே கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் கருவியை மின்தடை அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் சுவிட்சின் இணைப்புகளில் வைத்துவிட்டு அதை விரலால் அழுத்தி விடுங்கள். அழுத்தும்போதும் விடும்போதும் அளவு மாறவில்லை என்றால் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று பொருள். சிலர் இரண்டு வயர்களை முறுக்கி அந்தச் சுவிட்சையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்: பானட்டைத் திறந்து ஒருவர் கையை உள்ளே விட்டிருக்கும்போது, தொலைவில் யாரோ பொத்தானை அழுத்தினால் பெல்ட்டும் விசிறியும் சுழலத் தொடங்கிவிடும்.

ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழன்று நின்றால், இரவு முழுவதும் ஓய்வில் இருந்த காரின் பேட்டரியைக் காலையில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மீதியிருக்கிறது.

பின்னர் வெளியே வாங்கிப் பொருத்திய அமைப்பாக இருந்தால் வேறு இரண்டு காரணங்களும் உண்டு. காரைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது ரிமோட் ஸ்டார்ட்டை முடக்கிவைக்கும் ‘வேலே’ (valet) நிலையில் அது விடப்பட்டிருந்தால், அந்த நிலையிலிருந்து எடுக்கும் வரை எந்த முயற்சியும் பலிக்காது. இன்ஜின் பிடித்து ஓரிரு விநாடிகளில் அணைந்தால், இம்மொபிலைசரை (சரியான சாவி இல்லாமல் இன்ஜின் இயங்காதபடி தடுக்கும் அமைப்பை) கடந்து செல்ல உதவும் மாட்யூலையோ, இன்ஜின் வேகத்தை அறியும் அமைப்பையோ மறுபடியும் புரோகிராம் செய்ய வேண்டியிருக்கலாம். அதைப் பொருத்தியவரிடமே விடுவது நல்லது.

இந்தச் சோதனைகள் அனைத்தையும் திறந்தவெளியில், ஹேண்ட்பிரேக் போட்டே செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எதிலும் காரணம் புலப்படவில்லை என்றால் பணிமனையில் ஸ்கேன் கருவியை இணைக்கச் சொல்லுங்கள். சில கார்களில் ரிமோட் ஸ்டார்ட் கடைசியாக ஏன் மறுக்கப்பட்டது என்ற பதிவே கணினியில் இருக்கும்.