கைக்குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ்: கண்டறிவதும் தடுப்பதும்

உடலில் வைட்டமின் டி குறைந்தால், குடலால் கால்சியத்தைப் போதிய அளவு உறிஞ்ச இயலாது. அதனால் வளரும் எலும்புகள் இறுகாமல் மென்மையாகவே தங்கிவிடும் நிலையே ரிக்கெட்ஸ்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போதே சில அடையாளங்கள் கைக்குத் தட்டுப்படும். மணிக்கட்டில் எலும்பின் முனை அகன்று, மூட்டு இரட்டித்ததுபோல் புடைத்திருக்கலாம்; மார்பின் இருபுறமும், விலா எலும்புகள் குருத்தெலும்போடு சேரும் இடங்களில், மணிமாலை கோத்ததுபோல் சிறு முண்டுகள் வரிசையாகத் தென்படலாம். மண்டை ஓட்டின் மென்மையை நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம். அதை மருத்துவர் சோதிக்கட்டும். உச்சிக்குழி மூடுவதும், பல் முளைப்பதும், உட்காருவதும் தாமதமாகலாம். கால் வளைவு பெரும்பாலும் நடக்கத் தொடங்கிய பிறகே தெரியும் என்பதால், அதற்காகக் காத்திருப்பது தவறு. வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனையும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் நோயை உறுதிசெய்யும்.

தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பிறந்த சில நாட்களிலிருந்து ஒரு வயது வரை நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்தை, மருத்துவரின் ஆலோசனைப்படி கொடுத்தால் போதும். ஆனால் ஒரு மருந்தில் 1 மில்லியில் உள்ள 400 யூனிட், மற்றொன்றில் ஒரே சொட்டில் இருக்கக்கூடும். மிகையானால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், புட்டி மாறும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். மூடிய சன்னலருகே வெயில் காட்டுவதில் பயனில்லை. வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.