கைப்பிடி அரிசி: உங்கள் சபையில் எப்படித் தொடங்குவது?

அம்மா உலை வைக்கிற காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. படியில் அரிசியை அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையில் இருக்கும் தூக்குவாளியில் போடுவார். மூட்டையிலிருந்து தனியாக எடுத்துப் போடுவதில்லை. நாங்கள் சாப்பிட வேண்டியதில்தான் ஒரு பிடி குறையும். இப்படி வீட்டுக்கு வீடு சேரும் அரிசியைச் சபையில் ஒன்றுசேர்த்து இல்லாத வீடுகளுக்குக் கொடுப்பதுதான் கைப்பிடி அரிசிக் காணிக்கை; பிடியரிசி என்றும் சொல்வோம்.

திருமங்கலம் பக்கம் எங்களுடையது 40 குடும்பங்கள் உள்ள சின்ன சபை. நடுவில் பல வருடம் நின்றுபோயிருந்த இந்தக் காணிக்கையை மறுபடி தொடங்கியிருக்கிறோம். கட்டட நிதி, ஒலிபெருக்கி நிதி என்று அறிவிப்பு வரும்போது, கையில் காசில்லாத வீட்டார் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிடியரிசியில் அது இல்லை. களையெடுக்கப் போகிற அக்காவுக்கும் ஒரு பிடி, வாத்தியார் வீட்டுக்கும் ஒரு பிடி. காஞ்சிப் பெரியவர் வலியுறுத்திய பிடியரிசித் திட்டமும் இதே வழிதான். மிசோரம் சபைகளில் 1910இலிருந்து இன்றுவரை வீட்டுக்கு வீடு இப்படித்தான் அரிசி எடுத்து வைக்கிறார்கள்.

சரி, எப்படித் தொடங்குவது?

1. முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு பிடி என்பது ஏறக்குறைய 50 கிராம். நாளைக்கு இரண்டு வேளை உலை வைத்தால் 100 கிராம், மாதத்துக்கு 3 கிலோ. 40 வீட்டுக்கு 120 கிலோ. காகிதத்தில் இப்படி வரும். ஆனால் ஊருக்குப் போவார்கள், மறந்துவிடுவார்கள், ராத்திரி தோசை ஊற்றுவார்கள். அதனால் பாதியை வைத்தே திட்டமிடுங்கள். 60 கிலோ வந்தால் வீட்டுக்குப் பத்துக் கிலோ வீதம் ஆறு வீட்டுக்குக் கொடுக்கலாம். இருபது வீட்டுக்கு என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டுத் தவிக்காதீர்கள்.

2. எந்த அரிசி என்று சொல்லிவிடுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிற இடம் இது. பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் சோறு ஒழுங்காக வராது. ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று விதை விதையாக நிற்கும். வாங்கிக்கொண்டு போகிற வீட்டில் அந்தச் சோற்றைப் பிள்ளைகள் ஒதுக்கி வைத்தால் நாம் செய்ததற்கு என்ன அர்த்தம்? சாப்பாட்டுப் புழுங்கலரிசி ஒரு சாக்கு, இட்லி அரிசி ஒரு சாக்கு, பச்சரிசி ஒரு சாக்கு என்று மூன்று வைத்துவிடுங்கள். தப்பிக் கலந்துவிட்டால் அந்த அரிசியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், மாவாக அரைத்துச் சபை விருந்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ரேஷன் அரிசி பற்றியும் சொல்ல வேண்டும். சில சபைகளில் சேர்ந்த அரிசியை ஏலம் விட்டுப் பணமாக்குவது உண்டு. ரேஷன் அரிசியை விற்பது சட்டப்படி குற்றம், அதனால் அது ஏலத்துக்கு வரவே கூடாது. ரேஷன் அரிசியில் உலை வைக்கிற வீட்டார் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைத் தூக்கில் போட்டால் போதும் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஏழை விதவை போட்ட இரண்டு காசை ஆண்டவர் கவனித்தார் அல்லவா?

3. பையும் பாத்திரமும்

வீட்டில் மூடி உள்ள எந்த டப்பாவும் சரி. அடுப்புக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அலமாரிக்குள் போனால் மறந்துவிடும். வண்டு வராமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாய் அல்லது ஒரு துண்டு வசம்பு போட்டு வைக்கலாம். சபையிலிருந்து வீட்டுக்கு ஒரு துணிப்பை, எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. பையில் பெயர் எழுத வேண்டாம்.

4. நிறுக்கும் ஞாயிறு

மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இரண்டு பேர் நிறுக்க, ஒருவர் எழுதட்டும். வீடு வாரியாக எடை போடாதீர்கள். எல்லாப் பையையும் சாக்கில் கொட்டிவிட்டு மொத்தத்தை மட்டும் நிறுத்து எழுதுங்கள். யார் வீட்டுப் பை ஒல்லியாக வந்தது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

5. கொண்டுபோய்க் கொடுப்பது

எங்கள் முதல் மாதத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. ஆராதனை முடிவில் பெயரை வாசித்து, முன்னால் வரச் சொல்லி, ஆயர் கையால் பை கொடுத்தோம். போட்டோவும் எடுத்தோம். புருஷனைப் பறிகொடுத்த ஒரு தங்கச்சி, முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தபடி வந்து வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த இரண்டு மாதம் அவள் கோயிலுக்கே வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அரிசி வேணும்தான்க்கா. ஆனா எம் மவ கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் பாத்துச்சுங்க" என்றாள்.

அன்றிலிருந்து பட்டியல் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். பொழுது சாய்ந்தபின் ஒருவர் மட்டும் வண்டியில் போய், கடையில் வாங்கியதுபோன்ற சாதாரணப் பையில் கொடுத்துவிட்டு வருகிறார். போட்டோ கிடையாது. பட்டியலில் சபைக்கு வெளியே உள்ள வீடுகளும் உண்டு. அரிசி கொடுக்கும் கையோடு "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாங்க" என்று சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பசிக்குக் கொடுப்பது பசிக்காக மட்டும் இருக்கட்டும்.

6. பணம் வந்தால்

நாணயமும், ஏலம் விட்டால் அந்தப் பணமும் சேரும். எங்களுக்கு அது பருப்பு வாங்க உதவுகிறது. மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கினால் விலை குறைகிறது. பணம் எந்தத் தனி ஆளின் ஜிபேவுக்கும் போகக் கூடாது. சபைக் கணக்கு, ரசீது புத்தகம், எண்ணும்போது இரண்டு பேர். மாத வரவு செலவை, பெறுகிறவர் பெயர் இல்லாமல், அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

துபாயில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன், இந்தியக் குடிமகனாக இருந்து தன் சம்பளத்தில் அனுப்பினால் வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (FCRA) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இல்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

7. நாலாவது மாதம்

மூன்று மாதம் உற்சாகமாக இருக்கும். நாலாவது மாதம் சாக்கு பாதிதான் நிறையும். அப்போது பிரசங்க மேடையிலிருந்து கடிந்துகொள்வதில் பயனில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் வேலையைக் கொடுங்கள். "அம்மா, பிடி போட்டாச்சா?" என்று உலை வைக்கும்போது கேட்பது மட்டும்தான் அவர்கள் வேலை. எங்களுக்கு ஐந்தாவது மாதம் 71 கிலோ வந்தது. கொட்டிய பைகளை அன்றே உதறி வெயிலில் காயவைத்து, அடுத்த ஞாயிறு வாசலில் நின்று அந்தப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.